சர்வரில் இல்லாத பெயர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். நெய்வேலி என்று மட்டும் சொல்லமாட்டார்கள். சங்கரன்கோயில் பக்கம் என்பார்கள், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே என்பார்கள். அந்தத் திசையில் தலைவைத்துப் படுத்தே பல வருடம் ஆகியிருக்கும். இங்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே தலையும் நரைத்து, ரிட்டயர் ஆன கையோடு பீரோவையும் கிரைண்டரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு 'ஊருக்கு'க் கிளம்பிவிடுவார்கள். அத்தனை காலமும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது போலத்தான்.

தேவயானிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இல்லை. அப்பா சங்கரலிங்கம் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆள். அவள் பிறந்தது டவுன்ஷிப் ஆஸ்பத்திரி, படித்தது டவுன்ஷிப் பள்ளிக்கூடம். அப்பா ரிட்டயர் ஆனதும் அம்மாவை அழைத்துக்கொண்டு தெற்கே, சங்கரன்கோயிலுக்குப் போனார். இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள். அண்ணன் அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு அகமதாபாத்தில் இருக்கிறான், தீபாவளிக்குப் போன் பண்ணுவான். கூடப் படித்தவர்கள் அவரவர் அப்பா ரிட்டயர் ஆனபோது அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அவளிடம் கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துப்போன கேள்வி அது. இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறாள்.

வேலை, ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனியில். சுரங்கத்தில் மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஓடுகிற பெல்ட்டுகளைப் பழுதுபார்க்க ஆள் அனுப்புகிற கம்பெனி. தேவயானி அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவளும் கான்ட்ராக்ட்தான். வருடா வருடம் மார்ச்சோடு முடியும், ஏப்ரலில் புதுப்பிப்பார்கள்.

காலையில் வந்ததும் எக்செல்லைத் திறந்து 'ரெஃப்ரெஷ்' கொடுப்பாள். இன்றைக்கு எந்த ஷிப்ட்டில் யார் யார் வருகிறார்கள், யார் லீவு என்று முதல் நாள் சாயங்காலமே சூப்பர்வைசர்கள் சென்னை சர்வரில் ஏற்றி வைத்திருப்பார்கள். ரெஃப்ரெஷ் கொடுத்தால் அது கீழே இறங்கி அவள் கம்ப்யூட்டருக்கு வரும். மழை நாளில் வராது. அப்போது, "வாய்யா, வா, ஏன் முறுக்கிக்கிற" என்று திரையைப் பார்த்துப் பேசுவாள். ஆபீசில் அவள் அதிகம் பேசியது அதோடுதான்.

இறங்கி வருவதும் அப்படியே பயன்படாது. சந்தையில் வாங்கிய கீரைக்கட்டு மாதிரி மண்ணும் வேருமாக இருக்கும். உட்கார்ந்து ஆய வேண்டும். ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கும் டோக்கன் நம்பரின் முன்னால் இருக்கிற பூஜ்யங்களை எக்செல் தின்றுவிடும். நவம்பர் ஐந்தாம் தேதியை மே பதினொன்றாக்கி வைக்கும். பெயரெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இனிஷியலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதிலும் இந்தப் பக்கத்து ஆட்களில் அரை டஜன் அய்யனார்கள். எந்த அய்யனார் லீவு, எந்த அய்யனார் வேலைக்கு வந்திருக்கிறார் என்று அந்த அய்யனாரே வந்து சொன்னால்தான் உண்டு.

இதற்காக தேவயானி சொந்தமாக ஒரு வழி பண்ணியிருந்தாள். தன் கம்ப்யூட்டரிலேயே தனியாக ஒரு டேட்டாபேஸ் போட்டு, ஒவ்வொரு டோக்கனுக்கும் நேராகத் தமிழில் பெயர், பக்கத்தில் ஊர். யாரும் சொல்லிச் செய்ததில்லை. சூப்பர்வைசர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. சர்வரிலிருந்து வருவதை அதோடு கோத்துவிட்டால், 'அய்யனார், காடாம்புலியூர்' என்றும் 'அய்யனார், முத்தாண்டிக்குப்பம்' என்றும் தனித்தனியாக, தமிழில், பளிச்சென்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். அதைப் பத்துப் பதினைந்து பேருக்கு மெயிலில் அனுப்புவாள். மேனேஜர், சூப்பர்வைசர்கள், கேட், ஸ்டோர் என்று.

ஆரம்பத்தில் போன் வரும். "மேடம், என் கேங்குல ஒரு ஆள் குறையுது." "மேடம், இவரு நேத்தே டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாரே." அவள் பார்த்துத் திருத்தி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் அனுப்புவாள். பேச்சோடு பேச்சாக, "டீ குடிச்சாச்சா மேடம்?" என்று ஒரு வார்த்தை வரும். ஆனால் தேவயானி கெட்டிக்காரி. ஒரு முறை செய்த தப்பை மறுமுறை செய்யமாட்டாள். நாளாக நாளாகப் பட்டியலில் தப்பு குறைந்தது, போனும் குறைந்தது. பிறகு எல்லாருக்கும் வாட்ஸ்அப் குரூப் வந்தது. போன் அடியோடு நின்றது. வேலையைச் சுத்தமாகச் செய்கிறவளிடம் யாருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

ஆபீசில் இருந்த மற்ற இருவரையும் சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அறையில் அவளும் கம்ப்யூட்டரும் ஒரு காலி நாற்காலியும் மட்டும். மத்தியானம் டப்பாவைத் திறந்து, காலையில் வடித்த சோற்றைத் திரையைப் பார்த்தபடியே சாப்பிடுவாள். பல நாள் ஆபீஸ் முடிந்து, வீட்டுக்காரம்மாவிடம் "தண்ணி வந்துதா?" என்று கேட்கும்போதுதான் தன் குரல் கம்மியிருப்பதே அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து வாயைத் திறந்திருந்தால்தானே.

இந்த நவம்பரில் மேனேஜர் அசோக்குமார் அவள் மேஜைக்கு வந்தார். வயதில் சின்னவர், கோயம்புத்தூர்ப் பக்கம், மரியாதையான பிள்ளை. கையில் போனை வைத்துக்கொண்டே பேசுவார்.

"மேடம், அடுத்த மாசத்துல இருந்து டேஷ்போர்டு வந்துடுது. சர்வர்ல இருந்து நேரா போன்லயே பாத்துக்கலாம். ஷிப்டுக்கு எத்தனை பேரு, எத்தனை பர்சென்ட்டுன்னு கலர் கலரா வரும். உங்க ஷீட் வேண்டியதில்லைங்க."

"அப்ப எனக்கு சார்?"

"மார்ச் வரைக்கும் கான்ட்ராக்ட் இருக்குதுல்லங்க. பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு, கொஞ்சம் இரக்கமாகவே சேர்த்துக்கொண்டார்: "யாராவது ஒருத்தர் அந்த ஷீட் வேணும்னு சொன்னாக்கூட நிறுத்தவேண்டாம் மேடம். எனக்குத் தெரிஞ்சு அதை யாரும் திறந்து பாக்கறதே இல்லைங்க."

வேலை போய்விடுமோ என்ற பயம் தேவயானிக்கு இருந்தது, இல்லாமல் இருக்குமா. ஆனால் நெஞ்சில் தைத்தது அது இல்லை. யாரும் திறந்து பார்ப்பதே இல்லை. இத்தனை வருடமாக ஆய்ந்து, கோத்து, பூஜ்யம் பூஜ்யமாகத் திருப்பி வைத்து அனுப்பியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கா? ஒருத்தர் போதும் என்கிறார் மேனேஜர். அந்த ஒருத்தர் இருக்கிறாரா?

எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டு, 'இந்தப் பட்டியல் உங்களுக்குப் பயன்படுகிறதா?' என்று கேட்டுவிடலாம். எழுதவும் செய்தாள். படித்துப் பார்த்தாள். 'என்னை உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்பது மாதிரி இருந்தது. அழித்துவிட்டாள். பதில் வராவிட்டால் தாங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் உண்மை.

மறுநாள் காலை ரெஃப்ரெஷ் கொடுத்தாள். ஆய்ந்தாள். இரண்டாவது ஷிப்ட், பெல்ட் கேங்கின் கடைசி வரி வரைக்கும் சரிபார்த்தாள். மாதக்கணக்காய் மறந்திருந்த ஒரு குறும்பு தலைதூக்கியது. கடைசி அய்யனாருக்குக் கீழே ஒரு வரி சேர்த்து, 'தேவயானி' என்று அடித்தாள்.

டோக்கன் நம்பர் இடம் காலி. ஊர் என்ற இடத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது. சங்கரன்கோயில் என்று போடலாமா? அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அவள் அங்கே தங்கியதே பள்ளி லீவில்தான். அதையும் காலியாகவே விட்டுவிட்டு அனுப்பினாள்.

அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. ஆம்பளைகள் மட்டும் வேலைபார்க்கிற கேங்கில் ஒரு பெண் பெயர். பட்டியலைத் திறந்த எவன் கண்ணிலும் படாமல் போகாது. யாராவது போன் பண்ணுவார்கள். "என்ன மேடம், நீங்களும் பெல்ட்டுக்கு வந்துட்டீங்களா?" என்று சிரிப்பார்கள். "ஐயோ, தப்பா டைப் ஆயிடுச்சுங்க" என்று சொல்லவேண்டிய பதிலைக்கூட மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். போனை மேஜையில் நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு போன் வந்தது. குறைந்த வட்டியில் கடன் வேண்டுமா என்று கேட்டது.

அடுத்த நாள் காலை ரெஃப்ரெஷ் கொடுத்ததும் அவள் பெயர் இல்லை. இருக்காதுதான். சர்வரிலிருந்து புதிதாக இறங்கும்போது, சர்வரில் இல்லாத எதையும் அது துடைத்துவிடும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனாலும் தான் இருந்த வரி இப்படி ஒரு நொடியில் காணாமல்போனதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் அனுப்பினாள்.

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் சர்வர் அவளை அழிக்கும், அவள் தன்னை அடித்துச் சேர்ப்பாள். பிடிவாதத்தில் ஒரு நாள் பெயரைக் கடைசியிலிருந்து எடுத்து, அய்யனார்களுக்கெல்லாம் மேலே முதல் வரியில் கொண்டுபோய் வைத்தாள். ஊருக்கே தெரிகிற மாதிரி. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. போதும் என்று தோன்றியது. மேனேஜரிடம் போய், "நீங்க சொன்னது சரிதான் சார், யாரும் பாக்கல, இன்னையோட நிறுத்திக்கலாம்" என்று சொல்லிவிடலாம் என்று முடிவுபண்ணினாள். மத்தியானம் அவர் வந்ததும் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் கம்பெனி ஜீப் வாசலில் வந்து நின்றது. டிரைவர் இளம்பரிதி டீசல் சீட்டு வாங்க வந்திருந்தான். அவன் பின்னாலேயே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஒயர் கூடையுமாக இறங்கினாள். தேவயானி அவளைப் பார்த்ததில்லை. தேவயானியின் அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே மேனேஜர் அறைக்குள் போனாள். நடுவில் இருப்பது பாதிச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி. பேச்செல்லாம் இந்தப் பக்கம் கேட்கும்.

"கும்புடறேன் சார். நா செல்லக்கிளிங்க. யார்டுல ஆளுங்களுக்குச் சோறு ஆக்கறவ."

"சொல்லுங்கம்மா. மாசக் கணக்கு எதாவது பாக்கிங்களா?"

"கணக்கு கெடக்குது சார். ஒரு பொம்பளப் புள்ளயப் போயி ரெண்டாவது ஷிப்டுல போட்டுக்கிறீங்களே, அத்தக் கேக்கத்தான் வந்தேன். தெனம் பொட்டலம் கட்டி அனுப்பறேன். கட்டனது கட்டன மாரியே திரும்பி வருது. அத்தினி ஆம்பளைங்க நடுவுல வந்து கைய நீட்டி வாங்கக் கூச்சப்பட்டுகினு பட்டினியாக் கெடக்குது போல. பத்து மணி வரிக்கும் மழையில நிக்கற புள்ள சார். வவுத்துக்குச் சோறு வாணாமா?"

"அப்படி யாரும் இல்லையேம்மா. பெல்ட் கேங்குல லேடீஸே கிடையாதுங்களே."

"அந்தப் பசங்களும் இதையேதான் சொல்றானுங்க. அப்பிடி யாரும் இல்லக்கா, உனுக்குக் கண்ணு தெரிலன்னு சிரிக்கிறானுங்க. நல்லாக் குடுத்தேன். பேப்பர்ல போட்டுருக்குதுடா, பேப்பர் பொய் சொல்லுமாடான்னு. இத்தினி வருசத்துல ஒரு நாளு ஒரு பேரு தப்புனது இல்ல சார் அந்தப் பேப்பர்ல. இந்தாங்க, பாருங்க. தேவயானின்னு போட்டுருக்குதா இல்லியா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தேவயானி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒரு வாரமாக எந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ, அது இப்படி வந்து சேரும் என்று நினைக்கவில்லை. அந்தப் பெண் கூடையிலிருந்து தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். நான்காக மடித்து, மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையுமாக இருந்தன. தேவயானியின் பட்டியல்கள். ஸ்டோர்க்காரர் சாமிக்கண்ணு தினமும் காலையில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாராம். செல்லக்கிளி அதைச் சமையல் கொட்டகைத் தூணில் ஆணியில் குத்தி வைத்துக்கொண்டுதான் உலையே வைப்பாளாம்.

"மேடம்!" என்று கூப்பிட்டார் அசோக்குமார். குரலில் வழக்கமான இதம் இல்லை.

தேவயானி எழுந்து போனாள். மேனேஜர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தப் பேர் சர்வர்ல இருக்குதுங்களா?"

"இல்ல சார்."

"சர்வர்ல இல்லாத ஆள் பட்டியல்ல வந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். இல்லாத ஆள் பேர்ல யாரோ சம்பளம் எடுக்கறாங்கன்னுதான் ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க. யாருங்க இது?"

பொய் சொல்ல நிறைய வழி இருந்தது. வைரஸ் என்று சொல்லியிருக்கலாம். பழைய ஃபைல் ஒட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியும் இருப்பார். தேவயானிக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை.

"நான்தான் சார் அது."

"என்னது?"

"நானே தினமும் டைப் பண்ணிச் சேத்தேன். சம்பளக் கணக்கு சர்வர்ல இருந்து நேரா போகுது, அதுல ஒண்ணும் தொடல. இந்த ஷீட்ல மட்டும்தான்." மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். "யாராவது பாக்கறாங்களான்னு பாத்தேன் சார். வேற ஒண்ணும் இல்ல."

அந்தப் பட்டியல் அசோக்குமாருக்கும்தான் தினமும் போகிறது. அதில் அவர் ஆபீஸ் ஆளின் பெயரே ஒரு வாரமாக நின்றிருக்கிறது, ஒரு நாள் முதல் வரியிலேயே. அவர் போனைத் திருப்பி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

செல்லக்கிளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சம்பளம், சர்வர், ஹெட் ஆபீஸ் எதுவும் அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவளுடைய வழக்கே வேறு.

"நீதானா தேவயானி?"

"ஆமாங்க."

"அப்ப ஏம்மா சாப்புட வரல?"

தேவயானி நின்ற இடத்திலேயே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அசோக்குமார் பதறி எழுந்து, தண்ணீர் பாட்டிலைத் தேடி, அது காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

செல்லக்கிளி அவள் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவள் அறையிலேயே உட்காரவைத்தாள். யாரும் உட்காராத அந்தக் காலி நாற்காலியை இழுத்துப்போட்டுத் தானும் உட்கார்ந்தாள். கூடைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். ராத்திரிக்கு ஆக்கியதல்ல, கையோடு காலையில் கட்டியது என்றாள். அந்தப் புள்ளயைக் கண்டுபிடித்துக் கையிலேயே கொடுத்துவிடுவது என்று கிளம்பி வந்தவள் அவள்.

கூடையில் இன்னும் இரண்டு பொட்டலங்கள் இருந்தன, போகிற வழியில் கேட்டில் கொடுக்க வேண்டியவை. மேலே நாளிதழ் சுற்றி, நீல மையில் பெயர் எழுதியிருந்தது. ஒன்றில் 'அய்யனார், காடாம்புலியூர்.' இன்னொன்றில் 'அய்யனார், முத்தாண்டிக்குப்பம்.' அதே பெயர், அதே கமா, அதே ஊர். தேவயானி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பட்டியலின் வரிகள் சோற்றுப் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்திருந்தன.

"பேர் எழுதியா கட்டுவீங்க?"

"பின்ன? காடாம்புலியூரானுக்குச் சக்கர, சோறு கம்மியா வெக்கணும். முத்தாண்டிக்குப்பத்தான் மால போட்டுக்கினுக்கிறான், அவனுக்குத் தனிச் சட்டியில ஆக்கணும். மாத்திக் குடுத்துட்டா பாவம் ஆர்து? நீ ஊரு போட்டுத் தரங்காட்டிதான் எனுக்குப் பொழப்பு ஓடுது." பொட்டலத்தைப் பிரித்தாள். "உனுக்கு ஒரு முட்ட சேத்து வெச்சேன், பொம்பளப் புள்ளயாச்சேன்னு. ஒரு வாரமா உன் பங்கு சோத்த நாந்தான் துன்னேன். நாய்க்குப் போட மனசு வரல. எடுத்துச் சாப்புடு."

தேவயானி சாப்பிட்டாள். அவள் டப்பா பக்கத்தில் திறக்காமல் கிடந்தது. கத்தரிக்காய்க் குழம்பில் காரம் தூக்கலாக இருந்தது, அவள் மூக்கை உறிஞ்சுவதற்குக் குழம்பும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். செல்லக்கிளி நாற்காலியில் சாய்ந்து, கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்து, "இதுலேர்ந்துதான் வருதா பேப்பர்?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. சென்னைல இருந்து இதுக்கு வரும். நான் சரிபண்ணி அனுப்புவேன்."

"உம் பேருக்குப் பக்கத்துல மட்டும் ஊரு இல்ல. அத்தப் பாத்துதான் எனுக்கு ரொம்ப வெசனமாப் பூட்ச்சி. எந்த ஊருப் புள்ளயோ, கேக்கறதுக்கு ஆளு இருக்குதோ இல்லியோன்னு. உனுக்கு எந்த ஊரு?"

"எனக்கு ஊர்னு..." தேவயானி கையில் சோற்றோடு நிறுத்தினாள். "இங்கதாங்க பொறந்தேன். இங்கயேதான் இருக்கேன். நெய்வேலிதான்."

"அப்ப அத்தப் போட வேண்டியதுதான?" என்றாள் செல்லக்கிளி. இதில் என்ன கஷ்டம் என்று அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

போவதற்கு முன் அவள் மறுபடியும் மேனேஜர் அறைக்குள் போனாள். அடுத்த மாதத்திலிருந்து பட்டியல் வராது, எத்தனை பேர் என்று போனில் எண்ணிக்கை வரும் என்று அசோக்குமார் விளக்கிச் சொன்னார். கலர் கலராக வருவதைத் திறந்தும் காட்டினார். செல்லக்கிளி அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல அய்யனாரு எங்கக்கிறான் சார்?"

அவர் விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். அய்யனார் எங்கும் இல்லை. ஒரு பச்சை வட்டம்தான் இருந்தது.

"அப்ப நா யாருக்குன்னு ஒல வெக்கறது?" என்று செல்லக்கிளி கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் அசோக்குமார் தேவயானியைக் கூப்பிட்டார். சர்வரில் இல்லாத பெயரை இனி சேர்க்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக்கொடுத்தாள். அதை வாங்கி டிராயரில் வைத்துவிட்டு, "ஷீட்டை நிறுத்தவேண்டாங்க மேடம். ஒருத்தர் வேணும்னு சொல்லிட்டாங்கல்ல" என்றார். மார்ச்சைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கூடவே ஒன்று சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு: "எனக்கும் அனுப்புங்க. நான் பாக்கறேன்." பார்ப்பாரா என்பது வேறு விஷயம். சொன்னாரே, அது போதும்.

மறுநாள் காலை ரெஃப்ரெஷ் கொடுத்தாள். பெயர்கள் இறங்கி வந்தன. பூஜ்யங்களைத் திருப்பி வைத்தாள், தேதியை நேராக்கினாள், ஊர்களைக் கோத்தாள். இரண்டாவது ஷிப்ட்டின் கடைசி அய்யனாரோடு பட்டியல் முடிந்தது. அதற்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கைவிரல் பழக்கத்தில் அங்கே போனது. எழுதிக் கொடுத்த கையெழுத்து ஞாபகம் வந்தது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

வெறுமையாகத்தான் இருந்தது. நேற்று நடந்ததெல்லாம் நேற்றோடு போயிற்று என்று தோன்றியது. பேர் இருந்தது, செல்லக்கிளி பொட்டலம் கட்டினாள். இன்றைக்குப் பேர் இல்லை. பட்டியலை அட்சரம் பிசகாமல் நம்புகிறவள் அவள். தேவயானி காலையில் சோறு வடித்து வழக்கம்போல டப்பாவில் கொண்டுவந்திருந்தாள்.

மத்தியானம் ஜீப் சத்தம் கேட்டது. இளம்பரிதி மழையில் நனைந்துகொண்டு உள்ளே ஓடிவந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் மேஜையில் வைத்தான். நாளிதழ் சுற்றிய பொட்டலம். மேலே நீல மையில் 'தேவயானி, நெய்வேலி' என்று எழுதியிருந்தது.

"இன்னைக்குப் பட்டியல்ல என் பேர் இல்லியேப்பா" என்றாள்.

"அதான் மேடம், அக்காவும் சொன்னாங்க. பேரு இல்லாட்டி எனுக்கு எப்பிடித் தெரியும், நீயே நேர்ல கேட்டுகினு வான்னு." அவன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். "நாளைக்கு உண்டா, லீவா?"

தினமும் எத்தனையோ பேருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் அடித்து அனுப்புகிறவள் தேவயானி. அவளை யாரும் கேட்டதில்லை.

"உண்டுன்னு சொல்லுப்பா" என்றாள்.